பானை வாயில் ஒரு துணி

பாதி வரை மணல் போட்ட மண்பானை. வாயில் ஒரு பருத்தித் துணி, கழுத்தைச் சுற்றி இறுக்கிய கயிறு. துணிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கண்ணாடி விரியன். வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போகிற கூட்டம் வழியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். விஷம் எடுப்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அந்த முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக எல்லாப் பானையிலும் ஒரே மாதிரி. அவசரத்தில் போட்டது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. சரியாகக் கட்டியிருக்கிறதா என்று சுற்றிவந்து சோதிக்கிற மேற்பார்வையாளர் யாரும் கண்ணில் படவில்லை. நாளைக்கு அந்தக் கயிற்றை அவிழ்க்கப் போகிறவர் அதைக் கட்டியவர்தான். இல்லாவிட்டால் அவருடைய மச்சான்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பேருந்து பிடித்து வேலைக்குப் போய் வந்தவன் நான். நான் இருந்த ஓர் இடத்தில் வாசலிலேயே பெரிய பலகை தொங்கும். மேன்மையே எங்கள் பண்பாடு என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். தமிழில் ஒற்றுப் பிழையோடு. தரச்சான்றிதழுக்குத் தணிக்கையாளர் வருகிறார் என்று தகவல் வந்ததும், முந்தின நாள் ராத்திரி நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆறு மாதப் பதிவேட்டை ஒரே மூச்சில் எழுதி முடித்தோம். ஒரே கை, ஒரே மை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, தீரப்போகிற நிலையில் ஒன்று என மூன்று பேனா. காலை பத்து மணிக்கு இயந்திரத்தின் சூடு இவ்வளவு, மதியம் இரண்டு மணிக்கு இவ்வளவு. ஆலை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சூடு எழுதிவிட்டோம் என்பது விடிகாலையில்தான் உறைத்தது. தணிக்கையாளருக்கு அது உறைக்கவே இல்லை. சான்றிதழ் வந்தது, லட்டு கொடுத்தார்கள்.

எங்களில் யாரும் அயோக்கியர் இல்லை. வீட்டில் எரிவாயு அடுப்பை இரண்டு தடவை மூடிப் பார்த்துவிட்டுப் படுக்கிறவர்கள்தான். அந்தப் பொய்ச் சூடு எங்களில் யாரையும் சுடவில்லை, அவ்வளவுதான். யாரையாவது சுட்டிருந்தால், அவர் எங்கேயோ இருந்திருப்பார்.

வடநெம்மேலியிலும் பதிவு உண்டு. எந்தப் பாம்பு, எவ்வளவு நீளம், என்ன எடை, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை முறை விஷம் எடுத்தாயிற்று என்று எழுதி வைக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் ஆசாமிகள் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த எழுத்தை நம்பித்தான் ஒருவர் துணியை அவிழ்த்துக் கையை நீட்டுகிறார். கட்டு விரியன் இருக்கிற பானைக்கு நல்ல பாம்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை அங்கே வகுப்பு எடுத்து விளக்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்துக்குள் நேர்த்தி எப்படி உண்டாகிறது என்று நிர்வாகப் புத்தகங்கள் அடுக்கடுக்காகச் சொல்கின்றன. எனக்கு ஒன்றுதான் விளங்குகிறது: செய்த பிழை செய்தவரிடமே திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். வழி குட்டையாக இருந்தால் முடிச்சு தானாக இறுகும். நீளமானால் மூன்று பேனா வந்துவிடும்.

இந்தச் சங்கம் திறமையை உண்டாக்கவில்லை. அது அதற்கு முன்பே இருந்தது. செங்கல்பட்டுச் சீமையின் இருளர்கள் எலி வளையையும் பாம்புப் பொந்தையும் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தவர்கள். பொந்தின் உதடு வழவழப்பாக இருந்தால் போக்குவரத்து உண்டு. குறுக்கே சிலந்தி வலை முழுசாக இருந்தால் நேற்றிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. சுண்ணாம்பு போல வெளுத்த எச்சம், முள்ளில் மாட்டிய சட்டை, புழுதியில் லேசாக இழுபட்ட தடம். வளைக்குப் பின்வாசல் எங்கே என்று தேடி முதலில் அதை அடைப்பார்கள், பிறகு கடப்பாரையை எடுப்பார்கள். ஆணும் பெண்ணுமாகப் போவார்கள், சில சமயம் புருஷன் பெண்டாட்டியாக. பையன்கள் கூடவே நடந்து கற்றுக்கொள்வார்கள். இதற்குப் பாடத்திட்டம் என்று ஏதாவது இருந்தால், இந்த நடைதான்.

ஒரு காலத்தில் இந்தத் திறமையெல்லாம் தோலுக்குப் போனது. பாம்புத் தோல் கப்பலேறி வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையானது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது. பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள், கூலியும் போச்சு. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளர்களிடம் பாம்பு பிடிப்பைக் கற்றவர். முதலைப் பண்ணையை 1976இல் ஆரம்பித்தவரும் அவர்தான். அவருடைய துணையோடு 1978இல் இந்தக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. எண்ணம் எளிமையானது. தோலை உரித்தால் ஒரு பாம்புக்கு ஒரு தடவைதான் காசு. விஷத்தை எடுத்துவிட்டு உயிரோடு விட்டால் பாம்பும் பிழைக்கும், பிடித்தவரும் பிழைப்பார்.

நாலு வகைப் பாம்புதான் கணக்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்து இந்த நான்கின் விஷத்தையும் சேர்த்து முறிக்கும்படி செய்யப்படுவது. பிடித்து வந்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை வீதம் நான்கு தடவை விஷம் எடுக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்க வைப்பார்கள். மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். அதை உறைய வைத்து உலர்த்தினால் பொடி. மருந்து நிறுவனங்களுக்குக் கிராம் கணக்கில் போகும். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இந்த ஓர் இடத்திலிருந்துதான் போயிருக்கிறது. உறுப்பினர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். யாருக்கு எத்தனை பாம்பு பிடிக்க அனுமதி என்பதை வனத்துறை உரிமம் சொல்லும். நான்காம் தடவை முடிந்ததும் காட்டில் விட்டுவிட வேண்டும்.

இந்தத் திறமையின் எடை என்ன என்று ஒரு தடவை கடல் தாண்டி நிறுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில், வளர்த்தவர்கள் கைவிட்டதும் தப்பியதுமான பர்மா மலைப்பாம்புகள் பெருகி முயலையும் மானையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2016இல் அங்கே ஒரு மாதம் மலைப்பாம்பு வேட்டைப் போட்டி நடத்தினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டு 106 பாம்பு பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களோடு போய் இறங்கினார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்பு. அதில் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு, கைவிட்ட ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்தது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் கரைச்சாலையில் வண்டியில் போய்க்கொண்டே தேடுவார்கள். இவர்கள் புதருக்குள் நடந்தார்கள். அதுவரை பார்த்திராத மண், பார்த்திராத புல், தங்கள் தொழிலில் வராத பாம்பு. ஆனாலும் இழுபட்ட தடம் இழுபட்ட தடம்தான்.

2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் அந்த வாரத்துப் பேச்சுகளில் ஓர் அபத்தம் ஓடியது. இருளர் ரத்தத்திலேயே பாம்பு பிடிக்கும் திறமை இருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் இருந்தால் அதே ரத்தம் செங்கல் சூளையில் என்ன செய்கிறது? காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் சில ஆயிரம் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் 1976இல்தான், தோல் ஏற்றுமதி நின்ற அதே ஆண்டில். சூளையில் கல் நேராக வந்தாலும் கோணலாக வந்தாலும் அறுத்தவருக்குக் கடன் குறையப்போவதில்லை. பிழையும் முதலாளியுடையது, நேர்த்தியும் முதலாளியுடையது. அங்கே யாரும் அவர்களை உலகத் தரம் என்று சொன்னதில்லை. கை அதே கைதான். அது இருந்த இடம் வேறு.

சங்கம் செய்த பெரிய காரியம், இருந்த திறமையைக் கெடுக்காமல் அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. இது சின்ன விஷயம்போலக் கேட்கிறது. புதிதாக வருகிற எந்த நிர்வாகியும் முதலில் செய்வது பழையதைத் துடைப்பதுதான். என் ஊரான திருக்கழுக்குன்றத்துக் கோயிலில் இதற்கு நேர்மாறான ஒரு சாட்சி கல்லில் இருக்கிறது. ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. மூலத்தானத்து இறைவனுக்குக் கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவன் நிலம் விட்டிருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதை அப்படியே காத்தான். இப்போது நானும் அப்படியே வைக்கிறேன் என்பது அதன் சாரம். இந்த ஆதித்தன் பல்லவரை வீழ்த்திப் பல்லவ நாட்டை எடுத்துக்கொண்டவன். தோற்றவன் பாட்டன் கொடுத்த வாக்கை, ஜெயித்தவன் தன் வாக்காக எழுதி வைக்கிறான். புதிய பெயர் சூட்டவில்லை, தன் பெயரில் புதுத் திட்டம் என்று அறிவிக்கவில்லை. நான் அந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

நேர்த்தி என்ற சொல்லை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். மேன்மை, உன்னதம் எல்லாம் மேடைக்கு ஏறிவிட்டன. நேர்த்தி தையல்காரரிடமும் கொத்தனாரிடமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. நேர்த்திக்கடன் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வேரா என்பதை இலக்கணக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காதில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கேட்கின்றன. மாசி மகத்துக்கு இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். மணலிலேயே துணியால் குடில் போட்டுத் தங்கி, பௌர்ணமி கழிந்த விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பார்கள். அழைப்பிதழ் அடிப்பதில்லை. ஆனாலும் வந்துவிடுவார்கள். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேடு பற்றி யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. பாம்பிலிருந்து கை வரைக்கும்தான் அந்த வழி குட்டை. கையிலிருந்து நோயாளி வரைக்கும் அது மிக நீளம்.

பொடியான விஷம் மருந்து ஆலைக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் சீசாவில் அடைக்கிறார்கள். 1890களில் ஆல்பெர் கால்மெட் காட்டிய வழிதான், அடிப்படையில் இன்றும் அதேதான். அந்தச் சீசா ராஜஸ்தானுக்கும் போகிறது, வங்காளத்துக்கும் போகிறது. ஆனால் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். ஒரே கண்ணாடி விரியன், செங்கல்பட்டில் ஒரு கலவை, பஞ்சாபில் வேறு கலவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இதை அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு பாம்பாக எடுத்துக் காட்டிவருகிறார்கள். ராஜஸ்தானத்துச் சுருட்டை விரியன் கடிக்கு இங்கத்து விஷத்தில் செய்த மருந்து சரியாக மல்லுக்கட்டுவதில்லை. அங்கே ஒரு விவசாயிக்குப் பத்துச் சீசா ஏற்றியும் ரத்தம் உறையாமல் போனால், அந்தச் செய்தி வடநெம்மேலிப் பானைக்குத் திரும்பி வர வழி இல்லை. சங்கத்துக்கு அவரைத் தெரியாது, ஆலைக்கும் தெரியாது, மருத்துவரோ அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

இந்த நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு மதிப்பீடு, ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள், வீட்டில் அல்லது வழியில் செத்தவர்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறாத சாவுகள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பாம்புக்கடி வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு 2024 நவம்பரில் ஆணை போட்டது. இதை வெறும் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே கடித்தது, எந்தப் பாம்பு, எத்தனை சீசா, பிழைத்தாரா என்று எழுதத் தொடங்கினால், அது திரும்பி வருகிற ஒற்றையடிப் பாதையின் முதல் மிதி. மூன்று பேனா கொண்டு எழுதாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு தரப்பும் உண்டு. காட்டிலிருந்து பிடித்து விஷம் எடுத்து விட்டுவிடுகிற முறையே பழசு, பாம்புகளைப் பண்ணையில் வைத்து வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் முழுக்கக் குறிப்பு வைத்து, வட்டாரத்துக்கு ஒரு மையம் நடத்த வேண்டும் என்கிறார்கள் அறிவியல் பக்கம் இருப்பவர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: அப்படி ஒரு மையம் வரும்போது, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்து, முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் வாசலில் காவலாளியாக நிற்கக் கூடாது. வனத்துறை ஆணை தாமதமாகிற வருஷத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாதிச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையும் சேர்ந்து வரும். உலகத்தரம் என்று நாம் கைதட்டுகிற ஆட்களுக்கு, இருக்கிற மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று பார்க்க ஒரு தணிக்கையாளர் தேவைப்படுகிறார்.

நீளமான வழி என்றதும் எனக்கு எங்கள் மலை ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் உச்சிவேளைக்கு முன்பே மலையேறி உட்கார்ந்துவிடுவோம். அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு பாறைக்கு வருவார். வெளியூர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் வெளியூர்க்காரர்களைப் பார்ப்போம். இரண்டு பறவைகள் வரும். கழுகு என்று ஊர் சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறுகள். வந்து, அர்ச்சகரின் கையருகே நின்று தின்றுவிட்டுப் போகும். எத்தனை தலைமுறை அர்ச்சகர்கள், ஒருநாள்கூடத் தவறியதில்லை என்பார்கள். காட்டு உயிர் ஒன்றோடு மனிதர்கள் நேரம் குறித்து வைத்துக்கொண்டு இத்தனை காலம் வாக்குத் தவறாமல் நடந்த இடம் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வடநெம்மேலியைச் சொல்லலாம், அது இன்னும் இளசு.

1990களின் கடைசியோடு பாறுகள் வருவது நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள் பெரியவர்கள். இந்தியா முழுக்கப் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் சரிந்த பத்தாண்டு அது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, மாடு செத்தபின் அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. ஊசி போட்ட கால்நடை மருத்துவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். மாட்டுக்காரரும் மாட்டை அக்கறையாகத்தான் பார்த்தார். அர்ச்சகர் பாத்திரத்தோடு நேரத்துக்கு வந்தார். எல்லோரும் தத்தம் இடத்தில் ஒழுங்காகவே இருந்தார்கள்.

போன மாதம் மறுபடி வடநெம்மேலிக்குப் போயிருந்தேன். விஷம் எடுத்து முடித்த பாம்பைக் காட்டில் விடுவதற்கு முன் அதன் வயிற்றுப் பக்கத்துச் செதிலில் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்பார்கள். வலிக்காது என்கிறார்கள், நகம் வெட்டுகிற மாதிரி. சில தடவை சட்டை உரித்தால் அடையாளம் மறைந்துவிடும். அது மறையும் வரை அந்தப் பாம்பு தன் பங்கைக் கொடுத்துவிட்ட பாம்பு, மறுபடி பிடித்து வரக் கூடாது.

ஒரு முட்புதர்க் காட்டில், மத்தியான வெயிலில், ஒருவர் இரண்டு மணி நேரம் கடப்பாரை போட்டுத் தோண்டி ஒரு கண்ணாடி விரியனை வெளியே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோனால் காசு. சுற்றிலும் ஆள் இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கி, வயிற்றைத் திருப்பி, வெயிலுக்குக் காட்டிப் பார்க்கிறார்.